ஒரே ஏரிக்கு வருஷம் முழுக்கப் போவதில் என்ன இருக்கிறது?

சந்தாபுரம்வாசி | ஜனவரி 19

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றேகால் வருஷம் முன்பு தீபாவளி போனஸில் 8×42 பைனாகுலர் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து சனிக்கிழமை காலை நான் வீட்டில் இருந்ததே இல்லை. ஹெசரகட்டா, ஹொஸ்கோட்டே ஏரி, நந்தி மலை, ராமநகரா, ரங்கனதிட்டு, கொக்கரே பெள்ளூர் எல்லாம் போய் வந்தாயிற்று. கணக்கில் 163 இனம்.

போன வாரம் நாலரைக்கு அலாரம் அடித்தபோது அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். சோம்பல் இல்லை. போன இடத்துக்கே மறுபடி போவானேன் என்று ஒரு அலுப்பு. பெங்களூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் புது இடம் இருந்தால் சொல்லுங்கள்.

"வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறதே, அதைப் பார்த்தாயிற்றா?" என்று என் மனைவி கேட்கிறாள். அங்கே நாமக்கோழியும் கொக்கும்தான் இருக்கின்றன. அதற்கு ஒரு பைனாகுலரா?

லென்ஸ்மாமா | ஜனவரி 19

பி.ஆர். மலை, கலிபோரே, மதுகிரி பக்கம் மைதனஹள்ளி. மைதனஹள்ளியில் புல்வாய் மான் போனஸ். காரில் இடம் இருந்தால் நானும் வருகிறேன், பெட்ரோல் பாதி.

அரைக்கிழம் | ஜனவரி 20

உங்கள் வீட்டம்மா சொன்னதைக் கேளுங்கள். பொதுவாகவே சொல்கிறேன்.

கெரெகரை | ஜனவரி 20

தம்பி, நான் 9 வருஷமாக ஒரே ஏரிக்குத்தான் போகிறேன். சர்ஜாபுரா பக்கம். ஏதோ கொள்கை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது, இப்போது வேறு இடத்துக்குக் கூப்பிட்டால் மனசு வருவதில்லை.

முதல் வருஷம் எனக்கும் நாமக்கோழியும் கொக்கும்தான் தெரிந்தன. அந்த நாமக்கோழியை அவ்வளவு லேசாக நினைக்காதீர்கள். தண்ணீரில் பரந்து கிடக்கிற கூட்டம் திடீரென்று ஒட்டிக்கொண்டு நடு ஏரிக்கு ஓடினால் தலைக்கு மேல் பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்து கோரைப் புல்லை உரசுகிற மாதிரி தாழ்ந்து வரும். கரும்பருந்து போனால் அவை தலையைக்கூடத் தூக்குவதில்லை. எது ஆள், எது அடியாள் என்று அவற்றுக்குத் தெரியும். பருந்து வகைகளைப் புத்தகத்தில் படித்துப் படித்துக் குழம்பிய எனக்கு, சேற்றுப் பூனைப்பருந்தைக் காட்டிக்கொடுத்தவை இந்த நாமக்கோழிகள்தான்.

இரண்டாம் வருஷத்திலிருந்து தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைக்கிறேன். "செப்டம்பர் 9, சாம்பல் வாலாட்டி, மதகுக்குப் பக்கத்தில்." "ஏப்ரல் 17, கீச்சான் இல்லை." பக்கத்து வீட்டுக்காரிக்கு இது ராசிபலன் மாதிரி தெரிகிறது. எனக்கு இதில்தான் ருசி. மார்கழியில் பார்ப்பதை ஆனியில் பார்க்க முடியாது என்பது ஒரே இடத்தில் நின்றால்தான் உறைக்கிறது. ஊர் ஊராகப் போகிறவருக்கு இடம் மாறுகிறதா, காலம் மாறுகிறதா என்றே பிரித்துச் சொல்ல முடியாது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்தக் குளிர்காலத்தில் பெங்களூரைச் சுற்றி முள்ளும் புதரும் இருக்கிற ஏரிக்கரைகளில் பழுப்புக் கீச்சானைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மைனாவைவிடச் சிறியது, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, திருடன் முகமூடி மாதிரி. சைபீரியா, மங்கோலியா பக்கம் பிறந்து இங்கே வந்து ஏழெட்டு மாதம் வாடகை இல்லாமல் தங்குகிறது. தனக்கென்று ஒரு குச்சியோ கம்பமோ வைத்திருக்கும், வேறு எதையும் அண்டவிடாது. உங்கள் ஏரியில் அதன் கம்பம் எது என்று கண்டுபிடித்துவிட்டு வந்து எழுதுங்கள். அப்புறம் பி.ஆர். மலைக்குப் போகலாம்.

லென்ஸ்மாமா | ஜனவரி 20

மேடம், மரியாதையோடு சொல்கிறேன், ஒரே ஏரிக்குப் போனால் லிஸ்ட் ஏறாது. எனக்கு இந்தியாவில் 600 தொட வேண்டும். வயசு 52.

கெரெகரை | ஜனவரி 20

ஏறாது சார். என் லிஸ்ட் 9 வருஷத்தில் 138. அதில் கடைசி மூன்று வருஷத்தில் சேர்ந்தவை நாலு.

பெண்ணையாறு | ஜனவரி 21

நடுவில் ஒரு தகவல். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அங்கே பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்து எங்கள் வயலில் எண்ணினேன். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணி இ-பேர்ட் செயலியில் போட்டால் போதும். அரிய பறவை வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மைனாவும் காக்காவும் கணக்குத்தான். பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க இதே மாதிரி ஒன்று உண்டு. சந்தாபுரம் ஏரிக்கு உங்களைத் தவிர ஆள் இல்லை என்றால் அந்தக் கணக்கு உங்கள் கையில்தான்.

சந்தாபுரம்வாசி | ஜனவரி 27

கெரெகரை அக்கா, உங்கள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் கரையில் நின்றவனைப் பார்த்து ஆடு மேய்க்கிற அஜ்ஜா ஒருவர் "ஏனு நோட்தா இதீரா?" என்றார். "ஹக்கி" என்றேன், பறவை என்று. "ஹக்கீனா? திண்ணக்கா?" என்றார். தின்பதற்கு இல்லை, சும்மா பார்ப்பதற்கு என்று என் கன்னடத்தில் விளக்கினேன். கொஞ்ச நேரம் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, கெட்டுக்கெட்டென்று திட்டிக்கொண்டே இருக்கும் ஒன்று அந்த உடைந்த வேலிக்கல் மேல் உட்காரும் என்று கை காட்டினார்.

அதுதான்! மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அதே கல்லில் இருந்தது. தலையை ஆட்டவில்லை, வாலை மட்டும் வட்டமாகச் சுழற்றியது. தரைக்கு இறங்கி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக்கொண்டு திரும்ப அதே கல்லுக்கு வந்தது. நாற்பது நிமிஷம் நின்றேன். இந்தக் கீச்சானை நான் ஹெசரகட்டாவில் பார்த்திருக்கிறேன், நோட்டில் டிக் போட்டிருக்கிறேன். ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று யோசித்தால் பத்து வினாடி இருக்கும்.

அந்த வாரமே தட்டைவாயன் வாத்துகளும் கண்ணில் பட்டன. இருபது இருபத்தைந்து சேர்ந்து செக்கு மாடு மாதிரி ஒரே வட்டமாகச் சுற்றுகின்றன. சுற்றுகிற சுழலில் அடியிலிருந்து இரை மேலே வருகிறதாம், அகலமான அலகால் அதை வடிகட்டிக்கொள்கின்றன. வீட்டுக்குப் பின்னால் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான் ஹொஸ்கோட்டே வரை பெட்ரோல் போட்டுப் போயிருக்கிறேன்.

அரைக்கிழம் | ஜனவரி 27

வீட்டம்மாவிடம் ஒப்புக்கொண்டீர்களா?

சந்தாபுரம்வாசி | ஜனவரி 28

இன்னும் இல்லை.

இரட்டைவால் | மார்ச் 2

இந்த இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். இலவம் பூக்கிற நேரத்தில் யாரும் ஒன்றும் எழுதவில்லையே? எங்கள் தெருமுனையில் இலை ஒன்றுகூட இல்லாமல் சிவப்பாக நிற்கிற முள்ளிலவ மரத்தில் காலையிலிருந்து சண்டை. மைனா, தேன்சிட்டு, காக்கா, அணில், அப்புறம் நூறு நூற்றைம்பது சோளக்குருவி.

கறுப்புத் தலை, ரோஜா நிற உடம்பு. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறவை. சோளம் முற்றும்போது வயலில் விழும் என்பதால் இந்தப் பெயர். டிசம்பரில் அழுக்குத் துணி மாதிரி இருந்தவை இப்போது கொண்டையும் பளபளப்புமாக மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கின்றன. ஏப்ரலில் கிளம்பிவிடும். சாயந்திரம் அடையப் போகும்போது வானத்தில் ஒரு துணியை உதறுகிற மாதிரி கூட்டம் மடங்கி விரியும். ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் பாருங்கள்.

குளத்தங்கரை | மார்ச் 2

எங்கள் ஊரில் இதைச் சூறைக்குருவி என்போம். சோளக்குருவி வேறு.

இரட்டைவால் | மார்ச் 2

இரண்டும் ஒன்றுதான். ஊருக்கு ஒரு பெயர். என் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், இரட்டைவால் குருவி, கரிச்சான், வலியன் எல்லாம் ஒரே பறவை. செம்போத்து, செண்பகம் இரண்டும் அப்படித்தான்.

குளத்தங்கரை | மார்ச் 3

செண்பகம் என்பது பூ.

(இதன் கீழே பெயர்ச் சண்டையாக 14 பதிவுகள். தனி இழைக்கு மாற்றியாயிற்று. - மட்டுறுத்துநர்)

கெரெகரை | மார்ச் 3

பெயர் எதுவானாலும் சரி, கன்னடப் பெயர்களையும் கற்றுக்கொண்டால் கரையில் பேச ஆள் கிடைக்கும். கூழைக்கடாவுக்கு ஹெஜ்ஜார்லே, மீன்கொத்திக்கு மிஞ்சுள்ளி. மிஞ்சு என்றால் மின்னல். எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கொக்கரே பெள்ளூரின் கொக்கரேயும் நம் கொக்கும் பங்காளிகள்தான்.

அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தூர் பக்கம் இருக்கிறது. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் காட்டுக்குள் இல்லை, ஊருக்கு நடுவில், வீட்டு வாசல் புளிய மரத்தில் கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தில் வந்து மழை தொடங்குமுன் குஞ்சுகளோடு போய்விடும். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண் என்று ஊரார் சொல்வார்கள். மரம் பறவைக்குப் போனால் புளி போச்சு, அதற்கு வனத்துறை நஷ்டஈடு கொடுக்கிறது. எச்சம் உரமாகிறது. வாசமோ சொல்லி மாளாது, ஆனாலும் யாரும் விரட்டுவதில்லை.

சந்தாபுரம்வாசி | ஏப்ரல் 21

அக்கா, கல் காலி. கடைசியாகப் பார்த்தது 15-ஆம் தேதி. 18, 19, 20 மூன்று நாளும் போனேன், இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் காலி பண்ணிக்கொண்டு போன குடித்தனக்காரர் மாதிரி இருக்கிறது. இவ்வளவு நாள் பழகியதில் எனக்கு நிஜமாகவே கொஞ்சம் வருத்தம்.

ஏரி சுருங்கிவிட்டது. மே வரை தாங்குமா தெரியவில்லை. வெடித்த சேற்றில் ஆள்காட்டி நாலு முட்டை வைத்திருக்கிறது. கூடு என்று சொல்ல எதுவும் இல்லை, நாலு கூழாங்கல்லுக்கு நடுவில் நாலு முட்டை. நேற்று மத்தியானம் இரண்டு மணி வெயிலில் அந்த ஆள்காட்டி தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் நின்றது. திரும்பப் போய் நனைத்தது. ஆறு முறை எண்ணினேன். குஞ்சு பொரிக்கச் சூடுதானே வேண்டும் என்று நினைத்திருந்தேன், இங்கே குளிர வைக்கிற வேலை நடக்கிறது.

லென்ஸ்மாமா | ஏப்ரல் 21

அருமை! இடத்தைக் காட்டுகிற மேப் பின்னை அனுப்புங்கள் தம்பி. தரையோடு படுத்து எடுத்தால் முட்டையோடு சூப்பர் ஷாட்.

கெரெகரை | ஏப்ரல் 21

அனுப்பாதே தம்பி.

லென்ஸ்மாமா சார், கோபம் வேண்டாம். நீங்கள் ஒருவர் வந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த மேப் பின் ஒரு குழுவில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை இருபது டிரைபாட் நிற்கும். நீங்கள் படுத்திருக்கிற முக்கால் மணி நேரமும் அது முட்டையை விட்டுத் தள்ளி நின்று கத்திக்கொண்டே இருக்கும். அந்த வெயிலில் முட்டை வெந்துவிடும். காக்கா பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர், இங்கே அதையே நாம் காட்டிக்கொடுக்க வேண்டுமா?

லென்ஸ்மாமா | ஏப்ரல் 22

சரி. நியாயம்தான். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு ஒரு அரசவால் ஈப்பிடிப்பான் கூட்டில் இலையை விலக்கிக் கட்டிவிட்டுப் படம் எடுத்தோம், நாலு பேர். அடுத்த வாரம் போனபோது கூடு காலி. நாங்கள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை நான் எங்கேயும் போட்டதில்லை.

அரைக்கிழம் | ஏப்ரல் 22

சொன்னதற்கு நன்றி சார்.

பெண்ணையாறு | மே 11

எங்கள் அடுக்ககத்தில் குயிலுக்கு எதிராக ஒரு புகார் மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. காலை நாலரைக்குக் கத்துகிறதாம். யாரிடம் கொடுப்பார்கள் என்று ஆவலாக இருக்கிறேன். குரலை வைத்துப் பெயர் சொல்கிற மெர்லின் செயலியைப் போட்டுப் பார்த்தேன், வல்லூறு என்றது. மேலே பார்த்தால் கரிச்சான் ஒன்று வல்லூறு குரலில் மிமிக்ரி பண்ணிக்கொண்டிருக்கிறது. செயலியை மட்டும் நம்பிப் பட்டியல் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாட்டுங்காவாசி | ஜூன் 8

பம்பாயிலிருந்து ஒரு குரல். எங்கள் பருவம் போன வாரம் முடிந்தது. நவம்பரிலிருந்து மே வரை சிவ்ரி, தானே கழிமுகச் சேற்றில் ஆயிரக்கணக்கில் பூநாரை. பெரும்பாலும் சிறு பூநாரை, சேற்றில் இருக்கிற பாசியைத் தின்று தின்றுதான் அந்த ரோஜா நிறம். தானே கழிமுகம் 2015-இல் சரணாலயம் ஆயிற்று. பார்க்க வருகிறவர்கள் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி ஓத நேரம் பார்த்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் ரிஃபைனரி புகைபோக்கியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

உங்கள் ஊரில் மழைக்கு என்ன வருகிறது?

கெரெகரை | ஜூன் 9

சுடலைக்குயில். பெயர் இப்படி, ஆளோ கறுப்பு வெள்ளைச் சட்டையும் கொண்டையுமாக ஜோர். ஒரு பகுதி தெற்கிலேயே இருப்பவை. வடக்கே போகிறவை ஆப்பிரிக்காவிலிருந்து பருவக்காற்றோடு கடல் தாண்டி வருகின்றன. தவிட்டுக்குருவி கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். எங்கள் ஏரியில் ஐந்தாம் தேதி கேட்டேன், "பியூ பியூ" என்று. அன்று சாயந்திரமே மழை. தற்செயல்தான், தெரியும். ஆனாலும் குடையை எடுத்து வைத்தேன்.

சந்தாபுரம்வாசி | ஜூலை 6

இந்த மாதத்தை முழுக்கத் தூக்கணாங்குருவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏரிக்குத் தெற்கே பாழ் கிணறு ஒன்று. அதன் மேல் சாய்ந்த ஈச்ச மரத்தில் 23 கூடுகள் தொங்குகின்றன. மஞ்சள் தொப்பி போட்ட ஆண்தான் கொத்தனார். புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து கட்டுகிறது. பாதியில், ஹெல்மெட் மாதிரி இருக்கும்போதே நிறுத்திவிட்டு இறக்கையை அடித்துக் கூப்பிடுகிறது. பெண் வந்து உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்து, பெரும்பாலும் திரும்பிப் போய்விடுகிறது. வீடு பார்க்கப் போய் "யோசித்துச் சொல்கிறோம்" என்று வருவோமே, அதே முகம். பிடித்துவிட்டால்தான் மீதியையும் கீழே தொங்குகிற குழாயையும் ஆண் கட்டி முடிக்கிறது. முடித்த கையோடு பக்கத்தில் இன்னொரு கூட்டுக்கு அஸ்திவாரம், இன்னொரு பெண்ணுக்கு.

கூட்டுக்குள் ஈர மண் அப்பியிருக்கும். மின்மினியைப் பிடித்து அதில் ஒட்டி விளக்கு வைக்கும் என்று எங்கள் பாட்டி சொன்னாள். அஜ்ஜாவும் கன்னடத்தில் அதையேதான் சொல்கிறார். இங்கே கீஜகா என்கிறார்கள். மண் இருப்பது உண்மை, இரண்டு உதிர்ந்த கூடுகளில் பார்த்துவிட்டேன். மின்மினி இல்லை. பாட்டியிடம் சொல்லவில்லை.

வருத்தமான செய்தி ஒன்று. ஆஷாடக் காற்றுக்குப் பட்டம் விடுகிறார்கள். அறுந்த மாஞ்சா நூல் கருவேல மரத்தில் சிக்கி அதில் ஒரு கரும்பருந்து தலைகீழாகத் தொங்கியது. பறவை மீட்பவர்களுக்குப் போன் பண்ணி, அவர்கள் வந்து இறக்கினார்கள். இறக்கை எலும்பு வரை வெட்டு. பிழைத்ததா என்று இன்னும் பதில் இல்லை. அதற்கப்புறம் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட நூலையெல்லாம் சுற்றி எடுத்து வருகிறேன். ஒரு மாதத்தில் கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய உருண்டை.

அப்புறம், ஏரியில் நடைபாதை வேலை ஆரம்பித்திருக்கிறது. பழைய வேலிக்கற்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கீச்சானின் கல்லும் அதில் போய்விட்டது.

அரைக்கிழம் | ஜூலை 6

அடடா.

புதுமரம் | ஜூலை 14

ஏரிக்கரைகளைப் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஹெசரகட்டா பக்கம் சும்மா கிடக்கிற நிலத்தில் 500 மரக்கன்று நடலாம் என்று யோசனை. பறவைகளுக்கும் நல்லதுதானே? யாராவது வழிகாட்ட முடியுமா?

இரட்டைவால் | ஜூலை 14

நல்ல மனசுக்கு நன்றி, ஆனால் தயவுசெய்து அங்கே நடாதீர்கள். அது சும்மா கிடக்கிற நிலம் இல்லை, புல்வெளி. நகரத்துக்கு அருகே மிச்சம் இருக்கிற பெரிய புல்வெளி அதுதான்.

வானம்பாடி தரையில் புல்லுக்கு அடியில் கூடு வைக்கிறது. நெட்டைக்காலியும் அப்படித்தான். குளிர்காலத்தில் வரும் மாண்டேகு பூனைப்பருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, ராத்திரி மரத்தில் உட்காராமல் உயரப் புல்லுக்குள் தரையில் கூட்டமாகத் தூங்குகிறது. மரம் நட்டால் அதில் காக்கா உட்காரும், பருந்து உட்காரும், தரைக்கூடு போச்சு. தண்ணீர் இல்லாத இடத்தில் காடு வளர்க்கிறோம் என்று பணக்காரப் பறவையைக் கூப்பிட்டு ஏழைப் பறவையைத் துரத்துகிற கதைதான்.

நவம்பர் சாயந்திரம் ஐந்து மணிக்கு ஒருமுறை அங்கே போய் நில்லுங்கள். சூரியன் இறங்கும்போது நாலு திசையிலிருந்தும் பூனைப்பருந்துகள் இறக்கையை ஆங்கில வீ எழுத்து மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதந்து வரும். அதைப் பார்த்தபின் உங்களுக்கே நட மனசு வராது. 500 கன்றுகளை உங்கள் அலுவலகத் தெருவில் நடுங்கள், புங்கையும் அத்தியுமாக. அத்தி பழுத்தால் குக்குறுவான்கள் கணக்குக் கேட்காமல் வரும்.

புதுமரம் | ஜூலை 15

இப்படி யோசிக்கவே இல்லை. குழுவில் பேசிப் பார்க்கிறேன்.

சந்தாபுரம்வாசி | ஆகஸ்ட் 30

ஒரு வரி மட்டும். மழை இன்னும் விடவில்லை, ஆனால் புது நடைபாதைச் சேற்றில் பின்பாகத்தை ஆட்டிக்கொண்டு பொறி உள்ளான் ஒன்று. இமயத்துக்கு அப்பால் குளிர்காலம் ஆரம்பித்தாயிற்று போல.

கெரெகரை | செப்டம்பர் 4

வாலாட்டியும் வந்தாயிற்று. இந்த வருஷம் ஐந்து நாள் முன்னதாக.

மல்லேஸ்வரம்மாடி | அக்டோபர் 13

அவசரம்! பால்கனி கண்ணாடியில் ஒரு பறவை மோதி விழுந்திருக்கிறது. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றுக்குக் கீழே சிவப்பு, வால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உயிர் இருக்கிறது. தண்ணீர் ஊற்றவா?

இரட்டைவால் | அக்டோபர் 13

ஊற்றாதீர்கள்! வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழலுக்குள் போகும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணியை விரித்து, அதில் விட்டு, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். திறந்து திறந்து பார்க்க வேண்டாம். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ மீட்பவர்களைக் கூப்பிடுங்கள்.

அது ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் சாயந்திரம் ஆறுக்கும் குரல் கொடுக்கும், அதனால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இந்த மாதத்தில் தெற்கே வருகிறது. ராத்திரியில் பறக்கும். களைத்து இறங்குகிற இடத்தில் நம் விளக்கும் கண்ணாடியும்.

மல்லேஸ்வரம்மாடி | அக்டோபர் 13

ஐந்தே முக்காலுக்குப் பெட்டியைப் பின்புறத் தோட்டத்தில் வைத்துத் திறந்தோம். இரண்டு நிமிஷம் உள்ளேயே நின்று எங்களைப் பார்த்தது. அப்புறம் குதித்து இறங்கி, மாமரத்தடிச் சருகைப் புரட்டி ஒரு புழுவைத் தின்றது. அப்புறம் பறந்து மதிலைத் தாண்டிவிட்டது. என் மாமியார் 40 வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறார், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்கிறார். கண்ணாடியில் வெளிப்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

லென்ஸ்மாமா | அக்டோபர் 14

படம்?

மல்லேஸ்வரம்மாடி | அக்டோபர் 14

எடுக்கத் தோன்றவே இல்லை சார்.

சந்தாபுரம்வாசி | அக்டோபர் 14

செப்டம்பர் 10-இலிருந்து தினமும் காலை ஆபீஸுக்கு முன் இருபது நிமிஷம் போனேன். கல் இல்லை. கல் இருந்த இடத்தில் சிமெண்ட் பெஞ்சு. வந்தாலும் உட்கார இடம் இல்லாமல் போய்விடும் என்றே நினைத்தேன். செப்டம்பர் முடிந்தது, இல்லை. அக்டோபர் முதல் வாரம் ஆயுதபூஜைக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்த மறுநாள் கரையேறும்போதே காதில் விழுந்தது. கெட்டுக்கெட்டென்று அதே திட்டு. பெஞ்சுக்கு நாற்பதடி தள்ளி, உண்ணிச்செடிப் புதருக்கு மேல், கான்ட்ராக்டர் விட்டுப்போன கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் உட்கார்ந்துகொண்டு வாலைச் சுழற்றியது. நான் சத்தமாகவே "வந்துட்டியா" என்று கேட்டுவிட்டேன். நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

குளத்தங்கரை | அக்டோபர் 14

அதே பறவைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? காலில் வளையம் போடாமல் சொல்ல முடியாது.

கெரெகரை | அக்டோபர் 14

முடியாதுதான். வளையம் போட்டுப் பார்த்தவர்கள், கீச்சான் குளிர்காலத்தில் விட்டுப்போன அதே இடத்துக்குத் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறார்கள். இது அதுவா, வேறொன்றா தெரியாது. அஜ்ஜா என்ன சொல்கிறார்?

சந்தாபுரம்வாசி | அக்டோபர் 15

"ஹௌது, அதே" என்கிறார். ஆனால் அவர் தன் ஆடுகள் மாதிரி எல்லாவற்றையும் அடையாளம் தெரியும் என்று சொல்கிற ஆள்.

லென்ஸ்மாமா | டிசம்பர் 6

தம்பி, வருகிற ஞாயிறு காலியா? பி.ஆர். மலைக்கு இல்லை. உங்கள் ஏரிக்கு வரலாமா என்று கேட்கிறேன். கேமரா காரிலேயே இருக்கும். மேப் பின் வேண்டாம், சந்தாபுரம் சர்க்கிளில் வந்து கூட்டிப் போங்கள்.

சந்தாபுரம்வாசி | டிசம்பர் 6

வாருங்கள் சார். ஆறேகாலுக்கு, சர்க்கிள் டீக்கடை முன்னால். ராகி அறுப்பு நடக்கிறது, அறுத்த தாளில் சில்லைக் குருவிகள் கூட்டமாக விழுகின்றன. திரும்பும்போது வீட்டில் அவரைக்காய் உப்புமா. என் மனைவியும் வருகிறாள். நாமக்கோழிகளை அவள்தான் எண்ணுவாள், நான் எண்ணினால் தப்பு வருகிறதாம்.

அரைக்கிழம் | டிசம்பர் 6

ஒப்புக்கொண்டுவிட்டார்!